பொது நேரத்தின் கடைசி ஆண்டுகள்: தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பிரிட்டன்

1990 ஜூலை 4 இரவு இத்தாலியின் டூரின் நகரில் இங்கிலாந்தும் மேற்கு ஜெர்மனியும் மோதிய உலகக் கோப்பைக் கால்பந்து அரையிறுதி, பெனால்ட்டி உதைகளில் இங்கிலாந்தின் தோல்வியாக முடிந்தது. ஆட்டம் முடிந்த கையோடு பிரிட்டனின் மின்தொகுப்பில் தேவை ஏறத்தாழ 2,800 மெகாவாட் எகிறியது. தொலைக்காட்சி நிகழ்ச்சி ஒன்று முடிந்ததை ஒட்டி அந்நாட்டில் பதிவான ஏற்றங்களில் மிகப் பெரியது அதுவே. காரணம் எளியது. ஏறத்தாழ இரண்டரைக் கோடிப் பேர் ஒரே ஆட்டத்தில் கண்வைத்திருந்தார்கள். அது முடிந்ததும் லட்சக்கணக்கான வீடுகளில் எழுந்துபோய் விளக்கைப் போட்டார்கள், தேநீருக்குக் கெட்டிலில் தண்ணீர் வைத்தார்கள். இப்படித் திடீரென வரும் தேவையைச் சில விநாடிகளில் சந்திப்பதற்காக வேல்ஸில் ஒரு மலையைக் குடைந்து டினோர்விக் நீரேற்று மின்நிலையம் கட்டப்பட்டு, 1984இல் திறக்கப்பட்டிருந்தது. மின்தொகுப்பை இயக்கிய பொறியாளர்களுக்குத் தொலைக்காட்சி அட்டவணை ஒரு தொழிற்கருவி. எந்தத் தொடர் எத்தனை மணிக்கு முடிகிறது என்பது தெரியாமல் அவர்களால் அந்த மாலைப்பொழுதை ஓட்டியிருக்க முடியாது.

அன்று பதிவான அந்த எண்ணிக்கை, தொண்ணூறுகளின் தொடக்ககாலப் பிரிட்டனைப் பற்றி இன்று பரவலாக நிலவும் நினைவேக்கத்தை விளக்கும் திடமான சான்று என்று கருதுகிறேன். அந்த ஏக்கம் இப்போது பெரும் சந்தையாகவே வளர்ந்திருக்கிறது. 1992இல் ஐடிவியில் தொடங்கிய 'கிளேடியேட்டர்ஸ்' போட்டி நிகழ்ச்சியை 2024 ஜனவரியில் பிபிசி புதுப்பித்து ஒளிபரப்பியது. 1994இல் முதல் தொகுப்பை வெளியிட்ட ஒயேசிஸ் குழு, நெடுங்காலப் பிரிவுக்குப் பின் 2025 ஜூலையில் மேடையேறியபோது அரங்குகள் நிரம்பி வழிந்தன. ஒலிநாடா, பொதுத் தொலைபேசி அட்டை, ஊல்வொர்த்ஸ் கடையில் கலந்து அள்ளி எடைபோட்டு வாங்கிய மிட்டாய், தொலைக்காட்சித் திரையில் எழுத்துகளாக வந்த சீஃபாக்ஸ் செய்திப் பக்கம் என்று அந்நாளின் பொருள்களை வரிசையாக நினைவுகூரும் நூல்களுக்கும் நிகழ்ச்சிகளுக்கும் குறைவில்லை. இதைப் பொருள்களின் மீதுள்ள ஆசை என்றோ, நடுவயதினர் தம் இளமைக்காக ஏங்குவது என்றோ விளக்குவது வழக்கம். என் வாதம் வேறு. அந்த நினைவுகளின் அடியில் இருப்பது ஒரு பொது நேரம்: ஒரு நாட்டின் பெரும்பகுதி மக்கள் ஒரே வேளையில் ஒரே காரியத்தில் இருந்த வாழ்க்கை ஒழுங்கு. அது இயல்பாக அமைந்ததன்று. சட்டமும் உரிமமும் தொழில்நுட்பத்தின் எல்லைகளும் சேர்ந்து உண்டாக்கியது. அதைக் கலைக்கும் முடிவுகளும் அதே ஆண்டுகளில்தான் எடுக்கப்பட்டன. ஆகவே இந்த ஏக்கத்தைக் கலைந்துபோன ஒரு பொது நிறுவனத்தைப் பற்றிய சாட்சியமாகவும் படிக்க வேண்டும்.

அந்த ஒழுங்கு எப்படி இருந்தது என்று முதலில் பார்ப்போம். 1982 நவம்பரில் சானல் 4 தொடங்கியதிலிருந்து 1997 மார்ச்சில் சானல் 5 தொடங்கியதுவரை, கூரையில் சாதாரண ஆன்டெனா மட்டும் வைத்திருந்த பிரிட்டிஷ் வீட்டுக்குக் கிடைத்தவை நான்கே அலைவரிசைகள். நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்யும் வீடியோ கருவி தொண்ணூறுகளின் தொடக்கத்தில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் இருந்தது. இருந்தாலும் மறுநாள் பள்ளியிலும் பணியிடத்திலும் நடக்கப்போகும் பேச்சில் கலந்துகொள்ள விரும்பியவர் அன்றிரவே பார்த்தாக வேண்டியிருந்தது. எதை எப்போது பார்ப்பது என்ற தகவலுக்கும் காவல் இருந்தது. 1991 மார்ச் 1 வரை வாரம் முழுமைக்குமான பிபிசி நிகழ்ச்சிநிரலை 'ரேடியோ டைம்ஸ்' இதழும், ஐடிவி, சானல் 4 நிகழ்ச்சிநிரலை 'டிவி டைம்ஸ்' இதழும் மட்டுமே வெளியிட முடிந்தது. 'ரேடியோ டைம்ஸ்' 1988இல் வெளியிட்ட கிறிஸ்துமஸ் இரட்டை இதழ் 1 கோடியே 10 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றது. பண்டிகை விடுமுறையை எப்படிக் கழிப்பது என்ற திட்டத்தை ஒரு நாடே ஒரே அச்சுத்தாளைப் பார்த்துத் தீட்டியது என்பதே இதன் பொருள். அந்தப் பொது நேரத்துக்கு எவ்வளவு பிடி இருந்தது என்பதை 1992 அக்டோபர் 31 இரவு பிபிசி ஒளிபரப்பிய 'கோஸ்ட்வாட்ச்' காட்டியது. அறிமுகமான தொகுப்பாளர்களே தோன்றி, பேய் புகுந்த வீட்டிலிருந்து நேரலை செய்வதுபோல் அமைத்திருந்த அந்த நாடகத்தை ஏறத்தாழ 1 கோடியே 10 லட்சம் பேர் பார்த்தார்கள். உண்மையென்று நம்பி அஞ்சியவர்கள் ஏராளம். எல்லோரும் இதே நொடியில் இதையே பார்க்கிறார்கள் என்ற உணர்வு நிகழ்ச்சிக்கு உள்ளே இருந்த பொய்யைக்கூட நம்பத்தக்கதாக்கியது.

இசைக்கும் இதே போன்ற நாள்காட்டி இருந்தது. ஞாயிறு மாலை பிபிசி ரேடியோ 1 அந்த வாரத்தின் முதல் நாற்பது பாடல்களைக் கீழிருந்து மேலாக ஒலிபரப்பியது. பதின்வயதினர் ஒலிநாடாப் பதிவியின் பொத்தானில் விரலை வைத்தபடி, அறிவிப்பாளரின் குரல் பாட்டுக்குள் விழாமல் பிடிக்கக் காத்திருந்தார்கள். அந்த வரிசையிலிருந்து தேர்ந்த பாடல்கள் வியாழன் மாலை பிபிசி 1இல் 'டாப் ஆஃப் தி பாப்ஸ்' நிகழ்ச்சியில் காட்சியாக வந்தன. 1964இல் தொடங்கிய நிகழ்ச்சி அது. தாத்தா பாட்டி, பெற்றோர், பிள்ளைகள் என மூன்று தலைமுறையினரும் ஒரே அறையில் ஒரே பெட்டியின் முன் இருந்ததால் பாடகரின் உடையையும் தலைமுடியையும் பற்றிய தலைமுறைச் சண்டைகூட குடும்பத்தின் பொது நிகழ்வாக இருந்தது. 1991இல் பிரயன் ஆடம்ஸ் பாடிய ஒரு திரைப்படப் பாடல் தொடர்ந்து 16 வாரங்கள் முதலிடத்தில் நின்றது. அதை விரும்பியவர்களும் சலித்துப்போனவர்களும் ஒருசேர அதைக் கேட்டார்கள். அந்தக் கோடையைப் பற்றி இன்று பேசும் எவரும் அந்தப் பாட்டைச் சொல்லாமல் இருப்பதில்லை. ரசித்ததால் நினைவில் நின்ற பாட்டென்று அதைச் சொல்ல முடியாது. தவிர்க்க முடியாமல் பொதுவாக இருந்ததால் நின்றது.

இந்த எடுத்துக்காட்டு இன்னொன்றையும் தெளிவாக்குகிறது. பிரயன் ஆடம்ஸ் கனடியர். பிரிட்டிஷ் சிறுவர்களின் மாலைப்பொழுதை ஆண்ட 'நெய்பர்ஸ்' தொடர் ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் புறநகர் ஒன்றின் கதை. பிபிசி 1 அதை மதியம் ஒருமுறையும், பள்ளிவிட்டு வந்தபின் மாலை ஐந்தரை மணியை ஒட்டி இன்னொருமுறையும் காட்டியது. 1990 உலகக் கோப்பை ஆட்டங்களுக்கு பிபிசி வைத்த முகப்பிசையோ இத்தாலிய ஓபராவிலிருந்து பவரோட்டி பாடியது. அது பிரிட்டிஷ் விற்பனை வரிசையில் இரண்டாம் இடம்வரை ஏறியது. அன்றைய பிரிட்டிஷ் வெகுமக்கள் பண்பாட்டை ஒன்றாகக் கட்டியிருந்தது உள்ளடக்கத்தின் தேசியத் தன்மை என்று வாதிடுவோர் இவற்றை விளக்க முடியாது. அது கிடைத்த வேளைதான் அதைப் பிரிட்டிஷ் ஆக்கியது. நாளிதழை ஒவ்வொருவரும் தனியே படித்தாலும், முகம் தெரியாத ஆயிரமாயிரம் பேர் அதே காலையில் அதையே படிக்கிறார்கள் என்ற அறிவே தேசம் என்னும் கற்பிதச் சமூகத்தைக் கட்டுகிறது என்று பெனடிக்ட் ஆண்டர்சன் 1983இல் எழுதினார். தொண்ணூறுகளின் பிரிட்டன் அந்தக் கருத்துக்கு மிக முற்றிய வடிவம். அதில் காலையை மட்டுமன்றி நிமிடத்தையும் பகிர்ந்துகொண்டார்கள்.

பொது நேரம் திரைக்குள் மட்டும் இருக்கவில்லை, தெருவிலும் இருந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1950ஆம் ஆண்டின் கடைகள் சட்டம் பெரும்பாலான கடைகளை ஞாயிறன்று மூடி வைத்தது. ஸ்காட்லாந்துக்கு அந்தத் தடை கிடையாது. அங்கே வழக்கமும் சமயமுமே அந்த வேலையைப் பெருமளவு செய்தன. மதுவிடுதிகள் 1988 முதல் வார நாள்களில் காலை முதல் இரவுவரை திறந்திருக்க அனுமதி பெற்றபோதும், ஞாயிறு பிற்பகல் 3 மணிக்கு மூடி 7 மணிக்குத் திறக்கும் வழக்கம் 1995வரை நீடித்தது. ஆகவே வறுத்த இறைச்சியுடன் பகல் விருந்து, வெறிச்சோடிய கடைவீதி, மாலையில் வானொலிப் பாடல் வரிசை, பிறகு மறுநாள் பள்ளி என்ற எண்ணம் என்று ஞாயிறுக்கு நாடெங்கும் ஒரே உருவம் இருந்தது. பலருக்கு அது அலுப்பூட்டும் நாள். ஆனால் அலுப்பும் எல்லோருக்கும் ஒரே நாளில் வந்தது. ஒருவருக்கு ஓய்வு இருக்கும்போது அவருடைய நண்பருக்கும் சகோதரிக்கும் ஓய்வு இருக்கும் என்ற உறுதி அதிலிருந்து பிறந்தது. ஓய்வின் அளவைவிட அது எல்லோருக்கும் ஒருசேரக் கிடைப்பதே கூடிவாழ்வதற்கு அடிப்படை.

இந்த ஒழுங்கு கலைந்த வரலாறு 1989 முதல் 1995 வரையான சில ஆண்டுகளில் அடங்கிவிடுகிறது. 1989 பிப்ரவரியில் ஸ்கை தொலைக்காட்சி செயற்கைக்கோள் வழியாக வந்தது. 1990 நவம்பரில் அதன் போட்டி நிறுவனமான பிஎஸ்பியும் அதுவும் இணைந்தன. 1990ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம் ஐடிவி உரிமங்களை ஏலத்துக்கு விட்டது. 1991 அக்டோபரில் அறிவித்த முடிவில் லண்டனின் தேம்ஸ் நிறுவனம் உரிமத்தை இழந்தது. 1993 முதல் நாளிலிருந்து கார்ல்ட்டன் அந்த இடத்தைப் பிடித்தது. நிகழ்ச்சிநிரலை வெளியிடும் தனியுரிமை 1991இல் போனதை முன்னரே சொன்னேன். எல்லாவற்றையும்விட ஆழமான வெட்டு கால்பந்தில் விழுந்தது. 1988இல் ஐடிவி இங்கிலாந்தின் முதல்நிலைக் கழக ஆட்டங்களுக்கு நான்காண்டுக்குக் கொடுத்தது 4.4 கோடி பவுண்டு. 1992இல் பிரீமியர் லீக் பிறந்தபோது ஸ்கையும் பிபிசியும் சேர்ந்து செய்த ஐந்தாண்டு ஒப்பந்தத்தின் மதிப்பு 30 கோடி பவுண்டைத் தாண்டியதாக அறிவிக்கப்பட்டது. நேரலை ஸ்கைக்கு, சுருக்கக் காட்சிகள் பிபிசிக்கு. அன்றுமுதல் நாட்டின் முதன்மை விளையாட்டின் கழக ஆட்டங்களை நேரலையில் காண்பது மாதச் சந்தா கட்டுவோரின் உரிமையாயிற்று. சனிக்கிழமை பிற்பகல் 3 மணிக்கே எல்லா ஆட்டமும் என்ற பழைய ஒழுங்கும் ஞாயிறு, திங்கள் என்று சிதறத் தொடங்கியது. ஹில்ஸ்பரோ கால்பந்து அரங்கில் நேர்ந்த நெரிசல் விபத்துக்குப் பின் 1990 ஜனவரியில் வந்த டெய்லர் அறிக்கை அரங்குகளில் எல்லோருக்கும் இருக்கை வேண்டுமென்றது. உயிர்காக்கும் நோக்கில் அது தேவையான மாற்றமே. அதே காலத்தில் கட்டணம் ஏறியதும் ஒளிபரப்பு பூட்டுக்குள் போனதும் அந்த நோக்கத்திலிருந்து பிறந்தவை அல்ல.

ஞாயிறும் அதே வழியில் போயிற்று. 1986இல் மார்கரெட் தாட்சரின் அரசு கடைகளுக்கான தடையை முற்றாக நீக்க மசோதா கொண்டுவந்தபோது, ஆளுங்கட்சி உறுப்பினர்கள் பலரே எதிர்த்து வாக்களிக்க, அது மக்களவையில் 14 வாக்குகளில் தோற்றது. தேவாலயங்களும் கடைத் தொழிலாளர் சங்கமும் ஒரே பக்கம் நின்ற அரிய போராட்டம் அது. பின்னர் சில பெருங்கடைகள் சட்டத்தை மீறியே ஞாயிறன்று கதவைத் திறந்தன. இறுதியில் 1994 ஞாயிறு வணிகச் சட்டம் ஆகஸ்ட் 26 அன்று நடைமுறைக்கு வந்தது. பெரிய கடைகள் காலை 10 முதல் மாலை 6 மணிக்குள் ஆறு மணி நேரம் திறக்கலாம் என்றது. அடுத்த ஆண்டு மதுவிடுதிகளின் ஞாயிறு பிற்பகல் இடைவேளையும் நீங்கியது. இவற்றுக்கிடையே 1992 டிசம்பர் 3 அன்று வோடஃபோன் வலையமைப்பில் உலகின் முதல் குறுஞ்செய்தி ஒரு கிறிஸ்துமஸ் வாழ்த்தாகப் போனது. சந்திப்புக்கான நேரத்தை முன்கூட்டியே குறித்து அதைக் காப்பாற்ற வேண்டிய கட்டாயம் இல்லாத ஒரு காலத்தின் முதல் அடையாளம் அது. தொழில்நுட்பத்தை மட்டும் குற்றம் சொல்வோர் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு: மேலே சொன்ன மாற்றங்களில் பெரும்பாலானவை இணையம் வீடுகளுக்கு வருமுன் நாடாளுமன்றத்திலும் ஏல அறைகளிலும் முடிவானவை.

அதே 1994இல் இயற்றிய இன்னொரு சட்டத்தை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். எண்பதுகளின் இறுதியிலிருந்து லண்டனின் எம்25 வட்டச் சாலையைச் சுற்றியுள்ள வயல்களிலும் காலிக் கிடங்குகளிலும் இளைஞர்கள் மின்னணு இசைக்கு விடியவிடிய ஆடிய ரேவ் கூட்டங்கள் பெருகின. இடம் கடைசி நேரத்தில் ஒரு தொலைபேசி எண்ணில் பதிவுக் குரலாக வரும். கார்கள் வரிசையாக அங்கே திரும்பும். 1992 மே மாதம் மால்வன் குன்றுகளுக்கு அருகே காஸல்மார்ட்டன் பொதுவெளியில் ஒரு வாரம் நீடித்த இலவசக் கூட்டத்துக்கு இருபதாயிரம் பேருக்கு மேல் வந்தார்கள். அங்கு வாழ்ந்த கிராமத்தாரின் உறக்கமும் அமைதியும் கெட்டன என்பது உண்மை. அவர்களின் புகார் நியாயமானது. ஆனால் 1994 நவம்பரில் நிறைவேறிய குற்றவியல் நீதி, பொது ஒழுங்குச் சட்டம் இரைச்சலைக் கட்டுப்படுத்துவதோடு நிற்கவில்லை. ஒரே தாளக்கட்டு மீண்டும் மீண்டும் வருவது என்ற இலக்கணத்தால் அந்த இசையையே சட்டத்தில் அடையாளப்படுத்தி, திறந்தவெளிக் கூட்டங்களைக் கலைக்கக் காவல்துறைக்கு அதிகாரம் தந்தது. கடைகளுக்கு ஞாயிற்றைத் திறந்துவிட்ட அதே ஆண்டு, விலையின்றிக் கூடியவர்களின் இரவு மூடப்பட்டது. பொது நேரம் காலப்போக்கில் தானே தேய்ந்தது என்ற விளக்கத்தை இந்த இணைநிகழ்வு மறுக்கிறது. விற்கக்கூடிய நேரம் விடுதலை பெற்றது. விற்கப்படாத கூடுகை தண்டனைக்குள் வந்தது.

என் வாதத்துக்கு எழும் முதல் மறுப்பு, ஏக்கம் எல்லாத் தலைமுறைக்கும் உரியது என்பது. ரேமண்ட் வில்லியம்ஸ் 1973இல் வெளியிட்ட கிராமமும் நகரமும் பற்றிய ஆய்வில் இதைப் படிப்படியாக நிறுவினார். பழைய இங்கிலாந்து இப்போதுதான் மறைந்தது என்று ஒவ்வொரு காலத்து எழுத்தாளரும் புலம்பியிருக்கிறார். அவர் சுட்டும் பொற்காலத்துக்குப் போய்ப் பார்த்தால் அங்கிருப்பவர் தமக்கு முந்தைய காலத்தைச் சுட்டுகிறார். உளவியலாளரும், பத்து வயதுக்கும் முப்பது வயதுக்கும் இடைப்பட்ட நினைவுகளே முதுமையில் மிகுதியாக மேலெழுகின்றன என்று காட்டியிருக்கிறார்கள். தொண்ணூறுகளின் தொடக்கமேகூட ஏக்கத்தில் தோய்ந்த காலம்தான். ஐம்பதுகளின் கிராமத்தைக் காட்டிய 'டார்லிங் பட்ஸ் ஆஃப் மே' 1991இலும், அறுபதுகளின் யார்க்‌ஷயரைக் காட்டிய 'ஹார்ட்பீட்' 1992இலும் ஐடிவியில் பெரும் வெற்றி பெற்றன. இவையெல்லாம் மெய். யார் ஏங்குவார், எந்த வயதில் ஏங்குவார் என்பதை இந்த ஆய்வுகள் விளக்கிவிடுகின்றன. எதற்காக ஏங்குவார் என்பதை விளக்கவில்லை. பிரதமர் ஜான் மேஜர் 1993 ஏப்ரலில் ஆற்றிய உரையில் இன்னும் ஐம்பது ஆண்டு கழித்தும் மாறாதிருக்கும் பிரிட்டன் என்று வரைந்தது கிரிக்கெட் மைதானத்தின் நீண்ட நிழலும் பசுமையான புறநகரும் சேர்ந்த ஒரு நிலக்காட்சி. அன்றைய தொடர்களும் கிராமத்தையும் அதன் தெருவையுமே காட்டின. அந்த ஏக்கத்தின் பொருள் இடம். தொண்ணூறுகளை நினைப்போர் இன்று சொல்வதோ வியாழன் மாலை, சனி இரவு, ஞாயிறின் பிற்பகுதி. ஏக்கத்தின் பொருள் இடத்திலிருந்து வேளைக்கு நகர்ந்திருக்கிறது. ஒவ்வொரு தலைமுறையும் தன் காலத்தில் கைநழுவியதைத்தான் பெயர் சொல்லி அழைக்கிறது என்றால், வில்லியம்ஸின் ஆய்வு இந்த ஏக்கத்தைப் பொய்யாக்குவதில்லை. இதில் கைநழுவியது எது என்று இன்னும் கூர்மையாகக் கேட்க வைக்கிறது.

இரண்டாவது மறுப்பு கனமானது. அந்தப் பொது நேரம் யாருக்குப் பொது? வட்டி விகிதம் 1990 அக்டோபர்வரை 15 விழுக்காட்டில் இருந்தது. 1991இல் மட்டும் கடன் கட்ட முடியாமல் 75,000க்கும் மேற்பட்ட வீடுகள் கைப்பற்றப்பட்டன. 1993 தொடக்கத்தில் வேலையில்லாதோர் எண்ணிக்கை 30 லட்சத்தை நெருங்கியது. தெருவில் உறங்குவோர் விற்று வாழ 1991இல் 'பிக் இஷ்யூ' இதழ் தொடங்க வேண்டியிருந்தது. நிறத்தின் கணக்கு இதைவிடக் கொடியது. 1990இல் ஆளுங்கட்சி அரசியல்வாதி நார்மன் டெபிட், தெற்காசிய, கரீபியக் குடும்பத்தார் எந்தக் கிரிக்கெட் அணிக்குக் கைதட்டுகிறார்கள் என்பதை வைத்து அவர்களின் விசுவாசத்தை அளக்கலாம் என்றார். மேஜர் மேற்சொன்ன உரையை ஆற்றிய 1993 ஏப்ரல் 22 அன்றிரவுதான் தென்கிழக்கு லண்டனின் எல்தமில் பேருந்துக்குக் காத்திருந்த பதினெட்டு வயது ஸ்டீபன் லாரன்ஸ் வெள்ளை இளைஞர்களால் குத்திக் கொல்லப்பட்டார். அந்த விசாரணையில் காவல்துறை தவறிய விதம் நிறுவனத்துக்குள் ஊறிய இனவாதம் என்று 1999இல் மக்ஃபர்சன் அறிக்கை சொல்லும்வரை அவர் பெற்றோர் ஆறு ஆண்டு போராடினார்கள். இவற்றை மறந்து அந்தக் காலத்தை இனிமையாக்குவது இறந்தவர்களுக்கும் உழைத்தவர்களுக்கும் இழைக்கும் அநீதி. ஞாயிறு மூடிக் கிடந்த கடைவீதியில் பால், ரொட்டி, நாளிதழ் வேண்டுமென்றால் போக வேண்டியிருந்தது தெற்காசியக் குடும்பங்கள் பலவும் நடத்திய மூலைக் கடைக்குத்தான். நாட்டின் பொது ஓய்வு அந்தக் குடும்பங்களின் ஓய்வின்மையில் நின்றது.

இந்த மறுப்பை முழுதாக ஏற்கிறேன். ஆனால் அது பொது நேரத்தைத் தேவையற்றது என்று காட்டுவதில்லை, அதில் இடம் கேட்ட போராட்டத்தின் முக்கியத்துவத்தைக் காட்டுகிறது. நான்கு அலைவரிசைகளில் ஒன்றான சானல் 4, மற்றவை கவனிக்காத சுவைகளுக்கும் மக்களுக்கும் நிகழ்ச்சி தர வேண்டும் என்ற சட்டக் கடமையோடு பிறந்தது. பெக்கமில் முடிதிருத்தகம் நடத்தும் கயானாக் குடும்பத்தைப் பற்றிய 'டெஸ்மண்ட்ஸ்' அங்கே 1989 முதல் 1994வரை ஓடியது. கறுப்பினக் குடும்பம் ஒன்று தன் நகைச்சுவையோடும் சச்சரவுகளோடும் நாடெங்கும் வரவேற்பறைகளில் வாராவாரம் வந்தமர்ந்தது. பள்ளிகளில் ஓரினக் காதலை ஊக்குவிப்பதை உள்ளாட்சிகளுக்குத் தடைசெய்த 28ஆம் பிரிவு நடப்பிலிருந்தபோதே, 1994 ஜனவரியில் 'புரூக்சைட்' தொடரில் இரண்டு பெண்கள் முத்தமிட்ட காட்சி வந்தது. அடுத்த நாள் நாடே அதைப் பற்றி வாதிட்டது. பர்மிங்ஹாமின் ஹேண்ட்ஸ்வொர்த்தில் வளர்ந்த பஞ்சாபி இளைஞர் அப்பாச்சி இந்தியனின் பாட்டு 1993இல் விற்பனை வரிசையில் ஐந்தாம் இடத்தை எட்டியது. வரிசை எல்லோருக்கும் ஒன்றே என்பதால் அதைக் கேட்காமல் கடக்க யாராலும் முடியவில்லை. இன்று சிறுபான்மைக் குழுக்கள் ஒவ்வொன்றுக்கும் தனி அலைவரிசையும் தனி மேடையும் உண்டு. இது பெரிய பேறு. ஆனால் தன்னை விரும்பாதவர் கண்ணிலும் பட்டே தீரும் மேடை அருகிவிட்டது. அங்கீகாரம் கேட்பவருக்கு இந்த இரண்டாவது மேடையே முக்கியம்.

மூன்றாவது மறுப்பு, பொது நேரம் என்பது பற்றாக்குறையின் மறுபெயர் என்பது. நான்கு அலைவரிசைதான் இருந்ததால் பார்த்தார்கள். கதவுகள் திறந்ததும் வெளியேறினார்கள். மக்களே தேர்ந்தெடுத்ததை இழப்பு என்று சொல்ல நமக்கு உரிமை ஏது? பற்றாக்குறைக்கும் பொது நேரத்துக்கும் உள்ள உறவைத் தமிழ் வாசகர்கள் இன்னும் கூர்மையாக அறிவார்கள். அதே பிபிசி லண்டன் புஷ் ஹவுஸிலிருந்து ஒலிபரப்பிய தமிழோசையை, 1990க்குப் பின் மின்சாரமும் எரிபொருளும் அற்றுப்போன யாழ்ப்பாணத்தில் மிதிவண்டி டைனமோவைச் சுழற்றி வானொலியை உயிர்ப்பித்துக் கூடியிருந்து கேட்டார்கள். அந்தக் கூட்டுக் கேட்டலின் மேன்மையைச் சொல்லும் எவரும் அந்தப் பொருளாதாரத் தடையும் போரும் திரும்பட்டும் என்று கேட்பதில்லை. ஒன்று பற்றாக்குறையில் பிறந்ததென்பதால் பற்றாக்குறையோடு ஒன்றாகிவிடாது. தேர்வுச் சுதந்திரம் என்ற வாதத்திலும் ஒரு மறைவு இருக்கிறது. ஞாயிறன்று கடைக்குப் போகலாம் என்று ஒருவர் தேர்ந்தால் ஞாயிறன்று வேலைக்கு வர இன்னொருவர் வேண்டும். கால்பந்துக்குப் பணம் கட்டப் பத்துப்பேர் தேர்ந்தால், கட்ட முடியாத பதினோராவது ஆளுக்கு ஆட்டம் மறைகிறது. ஒவ்வொரு தேர்வும் தனித்தனியே நியாயமானது. அவற்றின் கூட்டுவிளைவை எவரும் தேரவில்லை. எல்லோருக்கும் பொதுவான ஓய்வுநாள் வேண்டும் என்ற விருப்பத்தைக் கடைக் கதவில் பதிவுசெய்ய வழியில்லை. அதை வாக்குப்பெட்டியிலும் நாடாளுமன்றத்திலும்தான் பதிவுசெய்ய முடியும். 1986இல் அப்படித்தான் பதிவாயிற்று.

பொது நேரத்துக்கான விருப்பம் அழியவில்லை என்பதற்கும் சான்றுண்டு. 1996ஆம் ஆண்டின் ஒளிபரப்புச் சட்டம் உலகக் கோப்பைக் கால்பந்து, ஒலிம்பிக்ஸ், விம்பிள்டன் இறுதி ஆட்டங்கள் முதலியவற்றைச் சந்தா இல்லாத அலைவரிசைகளில் காணும் வாய்ப்பைப் பாதுகாத்தது. எல்லாவற்றையும் சந்தையிடம் விட்ட பிறகும் சில மணி நேரங்கள் நாட்டுக்குப் பொது என்று சட்டமே ஒப்புக்கொண்டது. 2020 மார்ச் 26 முதல் பத்து வாரம் ஒவ்வொரு வியாழனும் இரவு 8 மணிக்குப் பிரிட்டானியர் வாசலில் நின்று மருத்துவப் பணியாளர்களுக்குக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலை ஊதியத்துக்கு மாற்றாக்கியதைச் செவிலியர் பலர் கண்டித்தார்கள். அந்தக் கண்டனம் சரியே. ஆனாலும் தனித்தனி அறைகளில் அடைபட்ட மக்களுக்குத் தம்மை ஒரு சமூகமாக உணர முதலில் தேவைப்பட்டது ஒரு குறித்த மணிநேரம் என்பது கவனத்துக்குரியது.

ஆகவே தொண்ணூறுகளின் தொடக்கத்துக்கான ஏக்கத்தைப் பழம்பொருள் மோகமென்று தள்ளவும் கூடாது, அப்படியே வாங்கி விற்கவும் கூடாது. மறுபடி மேடையேறும் குழுவும் மறுபடி ஓடும் போட்டி நிகழ்ச்சியும் அந்தக் காலத்தின் உள்ளடக்கத்தைத் தருகின்றன. உள்ளடக்கம் என்றும் தட்டுப்பாடாக இருந்ததில்லை. காணாமல்போனது அதைச் சூழ்ந்திருந்த பொது ஏற்பாடு. அதை வேண்டுவோர் நான்கு அலைவரிசைகளுக்குத் திரும்ப வேண்டியதில்லை. எந்த ஓய்வு தொழிலாளர் அனைவருக்கும் ஒரே நாளில் கிடைக்க வேண்டும், எந்த நிகழ்வுகள் பணமில்லாதவர் வீட்டுக்கும் வர வேண்டும், விலையின்றிக் கூடும் உரிமைக்கு எந்த வெளிகள் திறந்திருக்க வேண்டும் என்று வெளிப்படையாக வாதிட்டு முடிவெடுக்க வேண்டும். மூலைக் கடைக்காரரும் ஸ்டீபன் லாரன்ஸின் தலைமுறையும் அந்த முடிவில் முதலிலிருந்தே பங்காளிகளாக இருக்க வேண்டும். முன்பு இருந்த பொது நேரத்தின் பெருங்குறை அது ஒரு சிலரைக் கேட்காமலே வகுக்கப்பட்டது என்பதுதான். அந்தக் குறையை நீக்கிக் கட்டுவதற்கான பொறுப்பு, அதைக் கலைத்த பொறுப்பைப் போலவே, அரசியலுக்கு உரியது.